விறகுப் புகையிலுள்ள உப்பமில வாயுவை அளந்தறியும் முறை
(பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களுக்கு உரியது)

பழவேற்காடு ஏரி, ஒடிசாவிலுள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலுள்ள பெரிய உப்பங்கழி ஏரியாகும். ஆரணியாறும், காளங்கியும், சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கோடையில் அந்நீர் வற்றி, ஏரி நீரின் உப்பு சிற்சில வேளைகளில் கடல் நீரின் உப்பையும் விஞ்சுகின்றது. இத்தகைய நீரைச் சுற்றிலும் வாழும் மீனவருக்கு மீனும் இறாலுமே முதன்மையான ஜீவனமாயினும், மீன்பாடு குறைந்த மாதங்களில் விறகு வெட்டுதலும், வெட்டிய விறகை விற்றலும் ஓர் உபதொழிலாக உதவக்கூடும். சவுக்கும் சீமைக்கருவேலும் இக்கரையில் நன்கு வளர்கின்றன. பொன்னேரி, செங்குன்றம் பக்கங்களிலுள்ள புழுங்கல் அரிசி ஆலைகளுக்கு நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர் வேண்டும். பாய்லருக்கு உமியும் விறகும் வேண்டும்.

விறகை வாங்குவோர், "ஏரிக்கரை விறகு பாய்லரைத் தின்றுவிடுகிறது" என்று குறை கூறி விலையைக் குறைப்பதுண்டு. விற்போர், "விறகில் குற்றமில்லை, பாய்லரைப் பராமரியாததே குற்றம்" என்று மறுப்பதுண்டு. இருவர் சொல்லிலும் உண்மை இருத்தல் கூடும். எதையும் அளந்து பாராமல் இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. விறகு நல்லதாயிருந்தும் விலை குறைந்தால் நஷ்டம் மீனவருக்கு. விறகு கெட்டதாயிருந்தும் எரிக்கப்பெற்றால் இரும்புக் குழாய் அரிக்கப்பட்டு, ஒரு நாள் வெடித்து, பாய்லர் அருகில் நிற்கும் கூலியாளின் உயிருக்கே மோசம் நேரிடலாம். ஆகவே, புகையிலுள்ள அரிக்கும் வாயுக்களை அளந்தறியும் முறையையும், அவ்வளவைக் கொண்டு உப்பின் வரவு செலவுக் கணக்கை எழுதும் விதத்தையும் இங்கே விவரிப்போம்.

உப்பு புகையாவது எவ்வாறு

கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் குளோரின் மாத்திரம் 19 கிராம் ஆகும். ஒரு கிலோகிராம் உலர்ந்த விறகு, நீரில் இழுத்து வரப்பெறும்போது 100 கிராம் கடல் நீரை உறிஞ்சிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். அவ்விறகில் 1.9 கிராம் குளோரின், அதாவது 0.19 சதவிகிதம், புதிதாகப் புகுந்துவிட்டது. மரத்தூளை அழுத்திச் செய்யும் எரிகட்டைகளுக்கு வகுக்கப்பெற்ற சர்வதேச நிர்ணயத்தில் முதல் தரக் கட்டைக்கு அனுமதிக்கப்படும் குளோரின் 0.02 சதவிகிதமேயாகும். ஒரு முறை உப்பு நீரில் ஊறியதனால் அந்த எல்லையைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் உப்பு ஏறிவிட்டதைக் காண்க.

நீரில் ஊறாத விறகிலும் சிறிது குளோரின் உண்டு. மரத்தின் வைரத்தில் அது மிகவும் குறைவு. பட்டையிலும், இலையிலும், இளங்கிளையிலும் அதிகம். வைக்கோலில் நூற்றுக்கு அரைப் பங்கும் அதற்கு மேலும் இருப்பதுண்டு. உமியில் வைக்கோலைவிடக் குறைவு. ஆயினும் உமியை எரித்தால் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை சாம்பல் தங்கும். அச்சாம்பலில் பெரும்பகுதி மணற்சத்தாகும்.

அடுப்பில் விறகு கருகத் தொடங்கும்போதே குளோரினில் ஒரு பகுதி ஹைடிரஜனுடன் கூடி ஹைடிரோகுளோரிக் அமில வாயுவாக, அதாவது உப்பமில வாயுவாக, வெளிப்படுகின்றது. மற்றொரு பகுதி பொட்டாசியம் குளோரைடு, சோடியம் குளோரைடு என்னும் உப்புகளாகவே ஆவியாகி, குளிர்ந்த குழாயின்மீது படிகின்றது. விறகிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டையாக்ஸைடு ஆகின்றது. இந்தக் கந்தக வாயு, பொட்டாசியம் குளோரைடைத் தாக்கி அதனைப் பொட்டாசியம் சல்பேட்டாக மாற்றி, குளோரினை உப்பமில வாயுவாக விடுவிக்கும். இதனால் ஓர் உண்மை பெறப்படுகின்றது: புகைபோக்கியில் உப்பமில வாயு குறைந்திருப்பது மாத்திரம் பாய்லருக்கு நன்மை என்பதற்கு அத்தாட்சியாகாது. உப்பு வாயுவாக வெளியேறாமல் குழாயின்மேல் படிந்திருத்தலும் கூடும். ஆதலின், விறகு, புகை, சாம்பல் ஆகிய மூன்றையும் அளத்தல் வேண்டும்.

இரும்பு அரிபடும் மூன்று விதங்கள்

முதலாவது, குளிர்ந்த பாகத்தில் நேரும் அரிப்பு. புகைபோக்கி, காற்றுச் சூடேற்றி முதலியவற்றின் தகடு சுமார் 60 டிகிரிக்குக் கீழே குளிருமாயின், புகையிலுள்ள நீராவி பனித்துளியாகி, உப்பமில வாயுவை உறிஞ்சி, அமில நீராக மாறித் தகட்டைத் தின்னும். கந்தக மூவாக்ஸைடு இருந்தால் 110 டிகிரிக்கு மேலேயே கந்தக அமிலம் துளிக்கத் தொடங்கும்.

இரண்டாவது, மிகுந்த சூட்டில் நேரும் அரிப்பு. மின்சார நிலையங்களில் நீராவியை 450 டிகிரிக்கு மேல் சூடேற்றும் குழாய்களில் இது காணப்படும். குழாயின்மேல் படிந்த குளோரைடு இரும்புடன் கூடி இரும்புக் குளோரைடாக ஆவியாகும். அவ்வாவி பிராணவாயுவைச் சந்தித்துத் துருவாகும்போது குளோரின் விடுபட்டு மீண்டும் இரும்பினிடத்தே திரும்பும். இவ்வாறு சிறிதளவு குளோரினே திரும்பத் திரும்ப வேலை செய்யும். அரிசி ஆலைகளிலுள்ள சிறிய பாய்லர்களில் இத்துணைச் சூடு இல்லையாகையால் இவ்விதம் அங்கே அதிகம் நேராது.

மூன்றாவது, பாய்லர் வேலை செய்யாமல் நிற்கும்போது நேரும் அரிப்பு. கடற்கரைக்கு இதுவே முக்கியமானது. காற்றின் ஈரம் 75 சதவிகிதத்தை எட்டினால் சோடியம் குளோரைடும், 84 சதவிகிதத்தை எட்டினால் பொட்டாசியம் குளோரைடும் காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தாமே கரையும். ஏரிக்கரையில் இரவு ஈரம் இந்த எல்லையைத் தாண்டுதல் சாதாரணம். அறுவடை முடிந்து பாய்லரை நிறுத்திவிட்டு, சாம்பலைத் துடைக்காமல் விட்டால், குழாயின்மேலுள்ள சாம்பல் உப்பு நீராகக் கசிந்து குழிகுழியாக அரிக்கும். வேலை செய்த நாட்களில் நேராத கேடு, ஓய்ந்திருந்த நாட்களில் நேர்ந்துவிடுவதுண்டு.

அளத்தல் ஏன் அவசியம்: ஒரு பழைய வரலாறு

இங்கிலாந்து தேசத்தில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், சோற்றுப்பைக் கந்தக அமிலத்துடன் சூடாக்கிச் சோடா உப்புச் செய்யும் தொழிற்சாலைகள் பெருகின. அப்பொழுது வெளிப்பட்ட உப்பமில வாயு சுற்றிலுமிருந்த வயல்களையும் மரங்களையும் கருக்கியது. குடியானவர்கள் முறையிட்டும், எந்த ஆலையின் புகை எவ்வளவு கேடு செய்தது என்று காட்ட இயலவில்லை. 1863-ஆம் ஆண்டில் ஆல்கலிச் சட்டம் இயற்றப்பெற்று, அவ்வாயுவில் நூற்றுக்கு 95 பங்கை நீரில் கரைத்துப் பிடித்துவிட வேண்டுமென்று விதிக்கப்பெற்றது. அதற்கு முதல் பரிசோதகராக ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்னும் ரசாயனி நியமிக்கப்பெற்றார். "95 பங்கு" என்று சட்டம் சொல்லிவிட்டமையால், புகையை அளந்தே தீரவேண்டியதாயிற்று. அளக்கத் தொடங்கியபின் வழக்குகள் வாய்ச்சண்டையாக நில்லாமல் எண்களாக மாறின. ஏரிக்கரை விறகு வழக்கிற்கும் அதுவே மருந்தாகும்.

முதல் அளவை: விறகு

விறகுக் கட்டின் மேலும் கீழும் நடுவுமாகப் பல துண்டுகளை எடுத்து, பட்டையும் வைரமும் கலக்கத் தூளாக்கி, 105 டிகிரியில் எடை மாறாதவரையில் உலர்த்துக. இத்தூளில் 10 கிராம் நிறுத்து, 100 மில்லிலிட்டர் வாலைநீரில் இட்டு, ஒரு மணி நேரம் சூடாக வைத்து, ஆறியபின் நீரைத் திரும்பவும் 100 மில்லிலிட்டராக்கி வடிகட்டுக. விறகிலுள்ள குளோரின் பெரும்பாலும் நீரில் கரைவதாகையால் இது போதுமானது.

வடிநீரில் 10 மில்லிலிட்டரைப் பிப்பெட்டினால் அளந்து ஒரு வெண்மையான கிண்ணத்திலிட்டு, புளிப்போ காரமோ இல்லாதபடி சோடியம் பைகார்பொனேட்டினால் சரி செய்க. இதில் 5 சதவிகிதப் பொட்டாசியம் குரோமேட்டுத் திராவகத்தில் சில துளிகள் சேர்த்தால் மஞ்சள் நிறமாகும். பிறகு பியூரெட்டிலிருந்து நூற்றில் ஒரு பங்கு நார்மல் வலிமையுள்ள வெள்ளி நைட்ரேட்டுத் திராவகத்தைத் துளித்துளியாக விடுக. முதலில் வெண்மையான வண்டல் விழும். குளோரைடு முழுவதும் தீர்ந்தவுடன் செங்கல் நிறம் தோன்றி நிலைக்கும். அங்கே நிறுத்துக.

இத்திராவகத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 0.355 மில்லிகிராம் குளோரினுக்குச் சமம். 2.0 மில்லிலிட்டர் செலவானதாகக் கொண்டால், 10 மில்லிலிட்டரில் 0.71 மில்லிகிராம்; 100 மில்லிலிட்டரில் 7.1 மில்லிகிராம், இது 10 கிராம் விறகிலிருந்து வந்தமையால் 0.071 சதவிகிதமாகும். அதாவது, 100 கிலோகிராம் உலர்ந்த விறகில் 71 கிராம் குளோரின் உண்டு.

இரண்டாவது அளவை: புகை

இடம். புகைபோக்கியில் வளைவோ, விசிறியோ, குறுகலோ உள்ள இடத்துக்கு அருகில் துளையிடலாகாது. அங்கே புகை சுழன்று ஓடும். அத்தகைய இடத்தைக் கடந்து, குழாயின் விட்டத்தைப்போல் 8 மடங்கு தூரம் நேராக ஓடியபின்னரும், அடுத்த வளைவுக்கு 2 மடங்கு தூரம் முன்னரும் அமைந்த இடமே ஏற்றது.

கருவிகள். புகையை இழுக்கும் குழல் கண்ணாடியினாலோ குவார்ட்ஸினாலோ ஆனதாயிருத்தல் வேண்டும். இரும்புக் குழல் உப்பமிலத்தை வழியிலேயே தின்றுவிடுமாதலால் அளவை குறையும். குழலின் பின்னே குவார்ட்ஸ் பஞ்சு அடைத்த வடிகட்டி இருத்தல் வேண்டும். இன்றேல் புகையில் மிதக்கும் உப்புத்தூளும் வாயுவென்று கணக்கில் ஏறும். குழலையும் வடிகட்டியையும் 120 டிகிரிக்குக் குறையாமல் சூடாக வைத்தல் அவசியம். அவை குளிர்ந்தால் நீர் துளித்து, அந்நீரிலேயே அமிலம் தங்கிவிடும். இதன் பின்னே பனிக்கட்டியில் வைத்த நான்கு குமிழிக் குப்பிகள். முதலிரண்டிலும் வாலைநீர், மூன்றாவது, துளிகளைத் தடுப்பதற்கு வெறுங்குப்பி, நான்காவது, ஈரத்தை வாங்குவதற்கு சிலிக்காக் கற்கள் நிரம்பியது. பிறகு காற்று இழுக்கும் பம்பும், வாயுவின் கன அளவைக் காட்டும் மீட்டரும்.

கசிவுச் சோதனை. குழலின் முனையை அடைத்துப் பம்பை ஓட்டுக. சிறிது நேரத்தில் குப்பிகளில் குமிழி நின்றுவிட வேண்டும். நில்லாவிடில் எங்கேயோ வெளிக்காற்று நுழைகின்றது. அதனைச் சரிசெய்யாமல் மேற்செல்லலாகாது.

வெற்றுச் சோதனை. கடற்கரையில் வேலை செய்வோர் இதனை ஒருபோதும் விடலாகாது. கடற்காற்றில் உப்பு உண்டு. கைவியர்வையில் உப்பு உண்டு. ஏரி நீரில் கழுவிய கண்ணாடியில் உப்பு உண்டு. அளக்கப் புகுவதோ சில மில்லிகிராம். ஆகவே, புகையை இழுக்காமல் அதே குப்பிகளில் அதே வாலைநீரை நிரப்பி, அதே இடத்தில் அவ்வளவு நேரம் திறந்து வைத்து, அந்நீரையும் வெள்ளி நைட்ரேட்டினால் அளந்து, வந்த எண்ணைப் பின்னர் கழித்தல் வேண்டும். இவ்வெண் பெரிதாக வருமாயின், பாத்திரங்களை வாலைநீரில் பலமுறை கழுவி, கையுறை அணிந்து, மறுபடியும் தொடங்குக. இல்லாவிடில், காற்றின் உப்பு விறகின்மேல் குற்றமாக ஏறும்.

புகையை இழுத்தல். பாய்லர் சீராக எரியும்போது, நிமிஷத்திற்கு 2 லிட்டர் வீதம் 30 நிமிஷம் இழுக்க, 60 லிட்டர் ஆகும். மீட்டரின் உஷ்ணத்தையும், புகையிலுள்ள பிராணவாயுவின் சதவிகிதத்தையும், அந்நேரம் போட்ட விறகின் வகையையும் ஈரத்தையும், நீராவியின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்க. இவ்வாறு மூன்று முறை செய்து சராசரி காண்க. ஒரே முறை அளந்த எண்ணை நம்பி விலை பேசலாகாது.

கணக்கு. குப்பி நீர்களையும், வடிகட்டிக்குப் பின்னுள்ள இணைப்புகளைக் கழுவிய நீரையும் ஒன்று சேர்த்து 100 மில்லிலிட்டராக்குக. கந்தக வாயு கலந்திருந்தால் அது வெள்ளி நைட்ரேட்டுச் சோதனையைக் கெடுக்கும். ஆதலின் பைகார்பொனேட்டினால் சரிசெய்தபின் ஹைடிரஜன் பெராக்ஸைடு சில துளிகள் இட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்க. இதில் 50 மில்லிலிட்டருக்கு வெள்ளி நைட்ரேட்டு 3.3 மில்லிலிட்டரும், வெற்றுச் சோதனைக்கு 0.3 மில்லிலிட்டரும் செலவானதாகக் கொள்வோம். மீதி 3.0. ஒவ்வொரு மில்லிலிட்டரும் 0.365 மில்லிகிராம் உப்பமிலத்துக்குச் சமமாகையால், 50 மில்லிலிட்டரில் 1.095 மில்லிகிராமும், 100 மில்லிலிட்டரில் 2.19 மில்லிகிராமும் உள்ளன.

மீட்டரில் 60 லிட்டர் ஓடியது 30 டிகிரி உஷ்ணத்தில். அதனை 0 டிகிரிக்கு மாற்ற 273-ஆல் பெருக்கி 303-ஆல் வகுக்க, 54.1 லிட்டராகும். 2.19 மில்லிகிராமை 0.0541 கன மீட்டரால் வகுக்க, கன மீட்டருக்கு 40.5 மில்லிகிராம் கிடைக்கின்றது.

இங்கே நிறுத்திவிடலாகாது. அதிகக் காற்றை விட்டு எரித்தால் புகை நீர்த்து, எண் சிறிதாகத் தோன்றும். பாலில் தண்ணீர் கலந்தால் பாலின் அளவு கூடுவதில்லையன்றோ! ஆதலால் எல்லா அளவைகளையும் ஒரே பிராணவாயு அளவுக்கு, வழக்கமாக 11 சதவிகிதத்துக்கு, மாற்றியே ஒப்பிட வேண்டும். நம் புகையில் பிராணவாயு 13 சதவிகிதம் எனின், 21-இலிருந்து 11-ஐக் கழித்த 10-ஐ, 21-இலிருந்து 13-ஐக் கழித்த 8-ஆல் வகுத்து, வந்த 1.25-ஆல் பெருக்குக. 50.6 மில்லிகிராம் என்று வருகின்றது. ஒப்பு நோக்கும் பொருட்டுச் சொல்லுமிடத்து, மருத்துவக் கழிவு எரிக்கும் உலைகளுக்கு இந்திய அரசாங்கம் 2016-ஆம் ஆண்டின் விதிகளில் ஏற்படுத்திய எல்லை கன மீட்டருக்கு 50 மில்லிகிராம் ஆகும். விறகு பாய்லருக்கு அந்த விதி உரியதன்றாயினும், எண்ணின் பெருமை சிறுமையை அறிய அது உதவும்.

கந்தக டையாக்ஸைடை அளக்க விரும்பினால், வாலைநீருக்குப் பதிலாக 3 சதவிகித ஹைடிரஜன் பெராக்ஸைடை நிரப்பித் தனியே மற்றொரு முறை இழுக்க வேண்டும். அது கந்தக அமிலமாக மாறித் தங்கும். பேரியம் உப்பைச் சேர்த்தால் வெண்ணிற வண்டலாக விழும். அதனை வடித்து, உலர்த்தி, நிறுத்தறியலாம். புகையைச் சூடு குறையாமல் இழுத்து ஒளிக்கதிரினால் உடனுக்குடன் அளக்கும் யந்திரங்களும் இக்காலத்தில் உண்டு. பெரிய நிலையங்களில் அவை உபயோகமாகின்றன. ஆயினும் குப்பி முறை அவற்றையே சரிபார்க்கும் உரைகல்லாக நிற்கின்றது.

மூன்றாவது அளவை: சாம்பல், கணக்கை முடித்தல்

சாம்பலை விறகைப் போலவே வாலைநீரில் கரைத்து அளக்கலாம். காரம் மிகுந்திருக்குமாகையால் முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தினால் சரிசெய்ய வேண்டும். 100 கிலோகிராம் விறகுக்கு 3 கிலோகிராம் சாம்பலும், அதில் 0.4 சதவிகிதக் குளோரினும் கண்டதாகக் கொண்டால், சாம்பலில் தங்கியது 12 கிராம்.

ஒரு கிலோகிராம் உலர்ந்த விறகை எரிக்க, 11 சதவிகிதப் பிராணவாயு உள்ள நிலையில் ஏறத்தாழ 10 கன மீட்டர் உலர்ந்த புகை உண்டாகும். 100 கிலோகிராமுக்கு 1,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 50.6 மில்லிகிராம் வீதம் 50.6 கிராம் உப்பமிலம். அதிலுள்ள குளோரின் 49 கிராம். இனிக் கணக்கை எழுதுவோம்:

வரவு: விறகில் வந்தது 71 கிராம்.
செலவு: புகையில் போனது 49 கிராம், சாம்பலில் தங்கியது 12 கிராம், ஆக 61 கிராம்.
மீதி: 10 கிராம்.

இந்த 10 கிராம் எங்கே? ஒரு பகுதி வடிகட்டியில் தங்கிய உப்புத்தூளாயிருக்கும். அதனையும் கரைத்து அளந்தால் தெரியும். எஞ்சியது குழாயின்மேல் படிந்தது. அதுவே ஓய்வு நாட்களில் ஈரம் வாங்கி இரும்பை அரிப்பது. (இங்கே எடுத்துக்கொண்ட எண்கள் கணக்கு விளங்கும்பொருட்டு அமைத்தவை, அவரவர் விறகுக்கு அவரவரே அளந்தறிய வேண்டும்.)

வரவு சிறிதாயிருந்தும் குழாய் அரிபடுமாயின், குற்றம் விறகினுடையதன்று. சாம்பல் துடையாமை, புகைபோக்கி குளிர்தல் முதலிய வேறு காரணங்களைத் தேடுக. வரவு பெரிதாயிருந்தால், விறகைத் திருத்துக. விற்போரும் வாங்குவோரும் ஒரே காகிதத்தைப் பார்த்துப் பேசுவதற்கு இக்கணக்கு இடமளிக்கின்றது.

இரும்புத் துண்டுச் சோதனை

ரசாயனச் சாமான்கள் இல்லாத இடத்தில் எளிய வழியொன்றுண்டு. பாய்லர் தகட்டைப் போன்ற இரும்பில் ஒரு சிறு துண்டை வெட்டி, பளபளவென்று தேய்த்து, நுட்பமான தராசில் நிறுத்து, புகைவழியில் தொங்கவிடுக. 30 நாட்களுக்குப்பின் எடுத்து, துருவை மெதுவாகத் துடைத்து, மறுபடியும் நிறுக்க. எல்லாப் பக்கங்களும் சேர்ந்து 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள துண்டு 1.18 கிராம் குறைந்திருந்தால், கனத்தில் 0.03 மில்லிமீட்டர் தேய்ந்துள்ளது. இவ்வீதம் நீடித்தால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர். இரண்டு துண்டுகளை, ஒன்று ஏரிக்கரை விறகு எரியும் மாதத்திலும், மற்றொன்று உள்நாட்டு விறகு எரியும் மாதத்திலும் தொங்கவிட்டு ஒப்பிடுதல் நன்று.

நிவாரணங்கள்

1. விறகை உப்பு நீரில் இழுத்து வருதலும், நீர் ஏறும் கரையில் அடுக்குதலும் கூடா. படகில் ஏற்றியே கொண்டுவருக. கானடா தேசத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கடற்கரையில் மரங்களைக் கடலில் மிதக்கவிட்டு ஆலை சேர்ப்பது வழக்கம். அம்மரத்தின் பட்டையையும் கழிவையும் பாய்லரில் எரித்தபோது உப்பமில வாயுவுடன், டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாவது கண்டறியப்பெற்றது.

2. விறகைச் சிறு துண்டுகளாகப் பிளந்து, தரையில் படாமல் பரண்மேல் அடுக்கி, ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையவிட்டு, தை, மாசியில் உலர்த்தி விற்கலாம். டென்மார்க்குத் தேசத்தில் அறுத்தவுடன் கட்டிய மஞ்சள் வைக்கோலைவிட, மழையில் நனைந்து சாம்பல் நிறமான வைக்கோலையே பாய்லருக்கு நல்லதென்று கொள்வர். மழை குளோரினையும் பொட்டாசியத்தையும் கழுவிவிடுவதே காரணம். ஆனால் பருத்த கட்டையின் உட்புறத்தை மழை கழுவாது. கழுவுமுன்னும் பின்னும் அளந்து, பயனை அறிக.

3. இலை, மிலாறு, பட்டை ஆகியவற்றை விறகுடன் கலவாமல் நீக்குக. அலையாத்தி மரங்களை விறகுக்காக வெட்டலாகாது. அவை உப்பு மிகுந்தவை என்பதுடன், மீன் குஞ்சுகளுக்கும் இறால் குஞ்சுகளுக்கும் புகலிடமாகும். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக்கப்பெற்றமையால், அங்கே எதை வெட்டுவதற்கும் வன இலாகாவின் அனுமதி வேண்டும். 1877-ஆம் ஆண்டில் ஜமெய்க்காத் தீவிலிருந்து சென்னை மாகாணத்திற்கு விதை தருவிக்கப்பெற்ற சீமைக்கருவேலை அகற்றுவது நன்றே. அயல் தாவரங்களை அகற்றுதற்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையும் வெளியிட்டுள்ளது.

4. பி.வி.சி. குழாய்த் துண்டு, ரெக்ஸின், சாயம் பூசிய பழைய படகுப் பலகை ஆகியவற்றை விறகில் கலக்க விடாதீர்கள். பி.வி.சி.யில் நூற்றுக்கு 57 பங்கு குளோரின். ஒரு கிலோகிராம் நல்ல விறகில் 10 கிராம் பி.வி.சி. கலந்தால் 5.7 கிராம் குளோரின் ஏறும். மழையில் கழுவிய உழைப்பெல்லாம் அதனால் வீணாகும்.

5. இவ்வேரியின் கிளிஞ்சலை நீற்றிய சுண்ணாம்பு பேர்பெற்றது. நீற்றுச் சுண்ணாம்புத்தூளைப் புகைவழியில் தூவினால் உப்பமிலத்தைப் பிடித்துக் கால்சியம் குளோரைடாக்கும். 73 கிராம் உப்பமிலத்துக்கு 74 கிராம் சுத்தச் சுண்ணாம்பு கணக்கு. நடைமுறையில் இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கும். கால்சியம் குளோரைடு ஈரத்தை மிக விரைவில் வாங்குமாதலால், பின்னே வடிகட்டியமைத்து அத்தூளை அன்றன்றே அகற்ற வேண்டும்.

6. பாய்லரை நிறுத்தும் பருவத்தில் சாம்பலை முற்றிலும் துடைத்து, உலர்ந்த நிலையில் அடைத்து வைக்க வேண்டும். செலவில்லாத இந்த ஒரு காரியம் பல குழாய்களைக் காக்கும்.

7. பாய்லர் சாம்பலில் பொட்டாஷ் சத்து உண்டெனினும், குளோரைடு மிகுந்த சாம்பலை ஏற்கனவே உவரான வயலில் ஆண்டுதோறும் போடுதல் தகாது. அளந்தபின் போடுக.

எச்சரிக்கை

புகைபோக்கித் துளையருகில் தனியே நிற்கலாகாது. உப்பமில வாயு மூக்கையும் தொண்டையையும் எரித்து எச்சரிக்கும். ஆனால் அதனுடன் வரும் கார்பன் மோனாக்ஸைடு மணமின்றிக் கொல்லும். ஏணியும் மேடையும் உறுதியாயிருத்தல் வேண்டும். குரோமேட்டும் வெள்ளி உப்பும் நஞ்சு. சோதனை முடிந்த நீரை ஏரியிலோ கால்வாயிலோ ஊற்றாமல் தனிப் பாத்திரத்தில் சேர்த்து வைத்து, ரசாயனசாலையில் ஒப்படைக்க வேண்டும். மீனுக்குக் கேடு செய்து விறகை ஆராய்வதில் லாபமில்லை.

நிலக்கரியால் இயங்கும் மின்சார நிலையங்களிலும் 5 சதவிகிதம் தாவர எரிபொருள் சேர்க்க வேண்டுமென்று மத்திய மின்சார அமைச்சகம் 2021-ஆம் ஆண்டில் கொள்கை வெளியிட்டது. அத்தகைய இடங்களில் எரிபொருளை எடை பார்த்து மாத்திரம் வாங்குவதில்லை. ஈரம், சாம்பல், குளோரின் என்பவற்றையும் பார்ப்பார்கள். ஆகவே, கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், பசியாவரம் முதலான கிராமத்தவர்கள் விறகு விற்பதாயின், விற்குமுன் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு பை மாதிரியை எடுத்து, வெட்டிய இடம், வெட்டிய மாதம், நனைந்ததா இல்லையா என்பனவற்றை எழுதிக் கட்டி, அருகிலுள்ள ரசாயனசாலையில் குளோரைடு சோதனைக்குக் கொடுக்க வேண்டும். பத்துக் கிராம் தூளும் ஒரு பியூரெட்டும் காட்டும் எண், விறகுக்குரிய நியாய விலையைக் கேட்பதற்கு அவர்கள் கையில் ஒரு சாட்சியாயிருக்கும்.